காற்புள்ளிக்குப் பின்

மதிப்பீட்டாளர் எண் இரண்டு கேட்கிறார்:
பக்கம் ஏழு, நான்காம் வரி.
இதற்கு ஆதாரம் எங்கே?
விடிகாலை ஐந்தரைக்குள் பதில் போயாக வேண்டும்.

வரி இதுதான்:
முதல் மழைக்குப் பின் ஆழ்துளைக் கிணற்றில்
ஃப்ளோரைடு குறைவதில்லை, கூடுகிறது.
படித்திருக்கிறேன். சத்தியமாகப் படித்திருக்கிறேன்.
இடப்பக்கம், பாதிக்குச் சற்று மேலே,
500டி பேருந்தில், சில்க் போர்டு நெரிசலில்,
பக்கத்து இருக்கைக்காரர் என் தோளில் தூங்கி விழ விழ.

மென்பொருளுக்குத் தோள் தெரியாது.
பெயர் கேட்கிறது, ஆண்டு கேட்கிறது.

நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு உருப்படிகள்.
பதினோரு வருடம், மூன்று மடிக்கணினி,
மகாதேவபுராவில் மட்டும் நாலு வாடகை வீடு.
எங்கே மாறினாலும் அட்டைப்பெட்டி கட்டாமல்
கூடவே வந்த ஒரே சொத்து.

ஃப்ளோரைடு என்றேன்: அறுநூற்று இரண்டு.
ஃப்ளோரைடு, மழை: எண்பத்தொன்பது.
ஃப்ளோரைடு, முதல் மழை: எதுவுமில்லை.
எழுத்தை மாற்றிப் புளோரைடு என்றேன்.
ஒன்று வந்தது. பற்பசை பற்றியது.

'அப்புறம் படிக்க' என்று நானே ஒட்டிய சீட்டின் கீழ்
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
அப்புறம் என்று ஓர் ஊர் இருக்கிறது போல,
அதற்கு இன்னும் பேருந்து விடவில்லை.

என் பழைய கட்டுரையிலாவது அந்த மேற்கோள் இருக்குமென்று
என்னைத் தேடினேன். நான் இல்லை.
அப்பா இருக்கிறார்.
சடையாண்டி, நா.
அவர் பெயர் முழுசாக முன்னால், ஒரு காற்புள்ளி,
பின்னால் என்னில் ஒரே ஓர் எழுத்து.
உடுமலை எடைமேடையில் லாரிக்கு ரசீது கிழிப்பவரை
முப்பத்தொரு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.
போன தீபாவளிக்குச் சொன்னேன்.
"காசு ஏதும் வருமா?" என்றார்.

ச. நாகவள்ளி, நாகவள்ளி எஸ்., சடையாண்டி என்.
மூவரையும் ஒருவராக்கவா என்று கேட்கிறது பெட்டி.
இன்றைக்கு வேண்டாம்.

இரண்டரைக்கு எதிர்க் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி
பீப் பீப்பென்று பின்னோக்கி வந்தது.
மூன்று மணிக்குத்தான் கண்ணில் பட்டது
ஓரத்தில் அந்தச் சின்னக் கட்டம்:
குறிப்புகளிலும் தேடு.

ஒன்று.
தலைப்பில்லை, ஆசிரியரில்லை, கோப்பில்லை.
வெறும் குறிப்பு:
மொதல் மளெ பந்த மேலெ நீரு ஜாஸ்தி கெடுத்தெ.
சொன்னது முனிவெங்கடப்பா, பம்ப் ஆபரேட்டர், பாகேபள்ளி.
டீ இரண்டு, பதினாறு ரூபாய், பில் இல்லை.

பேருந்தில்தான் தட்டியிருக்கிறேன்,
கால்வாசி எழுத்துகள் பள்ளத்தில் ஏறி இறங்கியிருக்கின்றன.
தோள் உண்மை.
இடப்பக்கம் எங்கிருந்து வந்தது?
கேட்டதை எப்போது நான் படித்ததாக மாற்றிக்கொண்டேன்?
அச்சில் இருந்தால்தான் நம்புவேன் என்று
எனக்குள் இருக்கும் மதிப்பீட்டாளர்
எத்தனையாம் எண்?

புதிய உருப்படி. வகை சொல்:
நூல், ஆய்வேடு, வரைபடம், காப்புரிமை,
கீழே கீழே உருட்டினால் நேர்காணல்.
குடும்பப் பெயர்: முனிவெங்கடப்பா.
இடுபெயர்: அவரிடம் வேறு பெயர் இல்லை.
ஆண்டு: டீ எட்டு ரூபாய் விற்ற ஆண்டு.
அதை ஏற்கவில்லை. ஆண்டு இல்லை என்று போட்டேன்.

பட்டியலில் அவர் வந்து நின்றார்,
உலக சுகாதார ஆவணங்களுக்கு நாலு வரி மேலே:
முனிவெங்கடப்பா, .
காற்புள்ளியை அழித்தேன், மறுபடி முளைத்தது.
மறுபடி அழித்தேன்.
இந்த இதழின் நடைவிதி அப்படியாம்.

நாலு ஐம்பதுக்கு அப்படியே அனுப்பிவிட்டு
காப்பிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.
குழாய் இரண்டு தரம் இருமியது.
காற்று.